பேசிக்கொண்டே ஓடும் வேகம்
நெடுந்தூர ஓட்டத்தைப் புதிதாகத் தொடங்குவோருக்கும் உடனிருந்து பேணுவோருக்கும் ஒரு பாடம்



நாம் வாழும் ஓரிக்கையின் பெயருக்குப் பெரியோர் வழிவழியாகக் கூறும் விளக்கம் ஒன்று உண்டு. தனக்கு மீண்டும் இளமை வேண்டும் என்று ஆசைப்பட்ட பல்லவ மன்னன், தன் விருப்பத்துக்கு இணங்காத கணிகண்ணனைக் காஞ்சியை விட்டு வெளியேறுமாறு ஆணையிட்டான். சீடர் புறப்பட, ஆசிரியராகிய திருமழிசையாழ்வாரும் புறப்பட்டார். அவர் அழைக்க, திருவெஃகாவில் பள்ளிகொண்டிருந்த பெருமாளும் தம் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு உடன் நடந்தார். அன்றிரவு அவர்கள் தங்கிய இடம் ‘ஓரிரவு இருக்கை’ எனப்பட்டது. அதுவே மருவி ஓரிக்கை ஆயிற்று என்பர். மன்னன் பிழையுணர்ந்து வேண்டவே, மூவரும் மறுநாள் காஞ்சிக்குத் திரும்பினர்.

ஊரையே துறந்து புறப்பட்டவர்கள் முதல் நாளில் கடந்த தொலைவு சில கிலோமீட்டர் மட்டுமே. நடந்தார்கள், தங்கினார்கள், திரும்பினார்கள். நெடுந்தூரம் செல்ல விரும்புவோர் முதலில் கற்க வேண்டியதும் இதுவே. சிறு தொலைவு, போதிய ஓய்வு, நலமாக வீடு திரும்புதல் ஆகிய மூன்றும் அமைந்தால், மறுநாளும் புறப்படும் விருப்பம் தானாகவே எழும்.

இவ்விதழில் நெடுந்தூர ஓட்டத்தைப் பற்றிப் பேசுவோம். பதக்கம் பெறுவதற்கான பயிற்சியை இங்கு நாம் கூறப்போவதில்லை. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மிகை எடை ஆகியவற்றுக்காக நம்மிடம் சிகிச்சை பெறுவோரும், அவர்களைப் பேணும் குடும்பத்தாரும் அச்சமின்றி ஓடத் தொடங்குவது எப்படி, அதை மகிழ்ச்சியாகத் தொடர்வது எப்படி என்பதே நம் பாடம்.

முதல் வாரத்திலேயே நின்றுவிடுவது ஏன்?

புறநோயாளர் பகுதியில் நாங்கள் அடிக்கடி கேட்கும் வரலாறு ஏறக்குறைய ஒரே வடிவில் இருக்கும். இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை உயர்ந்திருக்கிறது என்று தெரிந்த நாளில் நோயாளி அஞ்சுகிறார். மறுநாள் விடியற்காலையில் எழுந்து, பள்ளிநாளில் ஓடியதை நினைவில் கொண்டு, தம்மால் இயன்ற முழு வேகத்தில் ஓடுகிறார். இருநூறு மீட்டருக்குள் மூச்சு முட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது. மூன்றாம் நாள் முழங்கால் வலிக்கிறது. நான்காம் நாள் வீட்டிலுள்ளோர், “இந்த வயதில் உங்களுக்கு எதற்கு இதெல்லாம்?” என்கின்றனர். அத்துடன் ஓட்டம் முடிகிறது. “ஓட்டம் என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்ற முடிவு மட்டும் பல ஆண்டுகளுக்கு அவரிடம் தங்கிவிடுகிறது.

அவருடைய உடம்பு தவறேதும் செய்யவில்லை. பிழை வேகத்தில் இருந்தது. அச்சத்தால் ஓடத் தொடங்குபவர் வேகமாகவே ஓடுகிறார். வேகமாக ஓடுபவர் துன்புறுகிறார். துன்பம் தரும் செயலை எவரும் நெடுநாள் தொடர்வதில்லை. ஆகவே, மகிழ்ச்சி என்பது ஓட்டத்துக்குப் பின்னர் கிடைக்கும் பரிசு மட்டுமன்று. ஓட்டத்தை நிலைநிறுத்தும் மருந்தும் அதுவே.

இது சிறிய செய்தியன்று. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. நம் ஊரின் தொழிலும் இதனுடன் தொடர்புடையது. குழித்தறியில் அமர்ந்து நெய்பவரின் கையும் கண்ணும் நாள் முழுதும் உழைக்கின்றன. காலும் மிதியை மாற்றி மாற்றி மிதிக்கிறது. ஆயினும் இதயமும் நுரையீரலும் விரைந்து இயங்கும் வாய்ப்பு அவ்வேலையில் குறைவு. மாலையில் உடல் களைத்திருக்கும். ஆனால் இதயத்துக்குப் பயிற்சி கிடைத்திராது. உழைப்பாளியாகிய தமக்கு உடற்பயிற்சி எதற்கு என்று கேட்கும் நெசவாளருக்கு நாங்கள் கூறும் விடை இதுவே.

பெரியோர் ஒவ்வொருவரும் வாரந்தோறும் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்போ, 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான உடலுழைப்போ மேற்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை. மெதுவோட்டத்துடன் நடையையும் கலந்தால் இவ்வளவை எட்டுவது கடினமன்று.

மகிழ்ச்சி எந்த வேகத்தில் பிறக்கிறது?

1992ஆம் ஆண்டு, எருசலேமிலுள்ள ஹீப்ரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூளையில் இயற்கையாகவே அமைந்த ஒரு பொருளைக் கண்டறிந்தனர். அது மனத்தை அமைதிப்படுத்தி, வலியுணர்வைக் குறைக்க வல்லது. அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘ஆனந்தமைடு’. நாம் நன்கறிந்த ‘ஆனந்தம்’ என்னும் வடசொல்லே அப்பெயருக்கு வேர்.

நெடுந்தூரம் ஓடுவோர் அடையும் இன்ப உணர்வுக்கு எண்டார்பின் என்ற பொருளே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2021இல் ஜெர்மனியில் வெளியான ஓர் ஆய்வில், எண்டார்பினின் செயலைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்த பின்னரும் ஓடியவர்கள் அதே இன்பத்தை உணர்ந்தனர். இதனால் ஆனந்தமைடு போன்ற பொருள்களின் பங்கு பெரிது என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். 2013இல் வெளியான வேறொரு சிறிய ஆய்வில், மிக மெதுவாக நடந்தபோதும் மூச்சிரைக்க விரைந்தபோதும் இப்பொருள் இரத்தத்தில் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. நடுத்தர வேகத்தில் ஓடியபோதுதான் கூடியது.

அந்த நடுத்தர வேகத்தை அளக்கக் கைக்கடிகாரமோ கருவியோ தேவையில்லை. நம் வாயே போதும். உடன் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். ஆனால் பாட்டுப் பாட மூச்சு போதாதிருக்க வேண்டும். அதுவே உரிய வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி. அப்போது மெதுவாக ஓட வேண்டும். அதுவும் இயலாதாயின் நடக்க வேண்டும்.

இதைப் ‘பேச்சுச் சோதனை’ என்று மருத்துவர்கள் கூறுவர். தனியே ஓடுவோர் வீட்டு முகவரியையோ, குடும்பத்தாரின் பெயர்களையோ வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். தொடங்கும் நாள்களில் இந்த வேகம் பலருக்கு நடையைவிடச் சற்றே விரைவானதாக மட்டும் இருக்கும். வேகமாக நடந்து செல்பவர் ஒருவர் நம்மை முந்தவும் கூடும். அதில் இழிவொன்றுமில்லை.

இரத்த அழுத்தத்துக்கோ இதய நோய்க்கோ அட்டெனலால், மெட்டோப்ரலால் முதலிய பீட்டா பிளாக்கர் வகை மருந்துகளை உட்கொள்வோர் இச்சோதனையை முதன்மையாகக் கொள்ள வேண்டும். இம்மருந்துகள் இதயத் துடிப்பு உயராமல் தடுப்பவை. ஆதலால் நாடித் துடிப்பை எண்ணி உழைப்பின் அளவை அறிவது அவர்களுக்குப் பொருந்தாது.

நம் ஊர் முன்பே அறிந்த முறை

இந்த முறை நமக்குப் புதியதன்று. ஆண்டுதோறும் தை மாதத்தில் வரதராசப் பெருமாள் பார்வேட்டைக்காகப் பழைய சீவரம் எழுந்தருளுகிறார். காஞ்சியிலிருந்து அவ்வூர் இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. பல்லக்கைத் தோளில் சுமந்து செல்வோர் எப்படி நடக்கின்றனர் என்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். அவர்கள் விரைவதில்லை. ஒரே சீரான நடை, வழியில் மண்டகப்படிகள், தோள் மாற்ற ஆட்கள். இடையிடையே இளைப்பாறுவதால்தான் அத்தொலைவு கைகூடுகிறது. ஒரே மூச்சில் சுமந்து ஓட முயன்றால் ஊர் எல்லையைக்கூடத் தாண்ட இயலாது.

தறியும் இதையே கூறுகிறது. பட்டுச்சேலை ஒரு நாளில் முடிவதில்லை. பாவில் ஊடை ஒவ்வோர் இழையாகச் சேர்ந்து, பல நாள்களில் முழுச்சேலையாகிறது. அவசரப்பட்டால் இழை அறும். நம் தசைநாண்களும் அத்தகையவையே. ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் பழகிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் உறுதி பெறப் பல மாதங்கள் ஆகும். “மூச்சு வாங்கவில்லையே, இன்னும் வேகமாக ஓடலாமே” என்று தோன்றும் காலத்தில்தான் பெரும்பாலான காயங்கள் நேர்கின்றன. இதயம் தயாராகிவிட்டது; கால் இன்னும் தயாராகவில்லை என்பதே அதன் பொருள்.

ஓடத் தொடங்கும் முன்

கீழ்க்காணும் நிலையில் உள்ளோர் மருத்துவரிடம் கேட்காமல் ஓடத் தொடங்கக் கூடாது.

இதய நோய் உடையோர், மாரடைப்போ பக்கவாதமோ கண்டோர், நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ மிகுந்த மூச்சுத் திணறலோ உணர்வோர், காரணமின்றி மயங்கி விழுந்தோர், நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டோர், பாதத்தில் உணர்ச்சி குன்றியோர், புண் உள்ளோர், சிறுநீரக நோய் உடையோர், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதோர், கருவுற்றோர், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர். நாற்பது வயதைக் கடந்து, நெடுங்காலம் உடற்பயிற்சியின்றி இருந்த நீரிழிவு நோயாளிகளும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நன்று. தேவையெனில் இதய மின்வரைபடமோ டிரெட்மில் பரிசோதனையோ செய்யுமாறு மருத்துவர் கூறுவார். சிலருக்கு அவர் விடை, “ஓட வேண்டாம், நடந்தால் போதும்” என்பதாக இருக்கலாம். அவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. இப்பாடத்தில் கூறப்படுவன பெரும்பாலும் விரைந்த நடைக்கும் பொருந்தும்.

ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு இதனை ஆராய்ந்தது. உடல்நலத்துக்காக அளவோடு ஓடுவோரில் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் 3.5 சதவீதத்தினருக்குக் காணப்பட்டது. ஓடாமல் அமர்ந்த வாழ்க்கை நடத்துவோரில் அது 10.2 சதவீதம். போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுவோரில் 13.3 சதவீதம். அளவான ஓட்டம் மூட்டுக்குப் பகையன்று என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. எனினும், முன்பே தேய்மானம் உள்ளோர் மருத்துவரையும் இயன்முறைச் சிகிச்சையாளரையும் கலந்துகொள்ள வேண்டும்.

காலணியில் சிக்கனம் வேண்டாம், ஆடம்பரமும் வேண்டாம். ஓடுவதற்கென்று செய்யப்பட்ட, பாதத்துக்குப் பொருந்தும் ஷூ ஒரு சோடி போதும். நாள் முழுதும் நின்று நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும். ஆதலால் மாலை வேளையில் வாங்குக. பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகல இடம் இருக்க வேண்டும். காலுறை அணிக. நீரிழிவு உள்ளோர் வெறுங்காலுடன் ஓடலாகாது.

பாலாற்று மணல் மென்மையாகத் தோன்றினும், தொடக்கநிலையில் அது உகந்ததன்று. தளர்ந்த மணலில் கால் புதைவதால் கணுக்காலும் கெண்டைக்காலும் மிகுதியாக உழைக்க நேரும். சமமான மண்பாதையோ, போக்குவரத்துக் குறைந்த தெருவோ, பள்ளி மைதானமோ நல்லது. சாலையில் ஓட நேர்ந்தால், எதிரே வரும் வாகனங்கள் கண்ணுக்குத் தெரியும்படி வலப்புறமாக ஓடுக. விடியுமுன் ஓடுவோர் வெளிர்நிற ஆடை அணிக. தெருநாய் குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி, மெதுவாக நடந்து கடக்க வேண்டும். ஓடினால் அது துரத்தும்.

நம் பகுதியின் கோடையில் காலை ஏழு மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிட வேண்டும். மார்கழி, தை மாதங்கள் தொடங்குவதற்கு மிக ஏற்றவை. வாசலில் கோலமிட எழும் நேரமே ஓடுவதற்கும் உரிய நேரம்.

பன்னிரண்டு வாரப் பயிற்சி

சிறிது ஓடி, சிறிது நடந்து பழகும் முறை உலகெங்கும் ஏற்கப்பட்டது. 1996இல் அமெரிக்கரான ஜோஷ் கிளார்க், ஓடியே பழகாதவர்கள் ஒன்பது வாரங்களில் 5 கிலோமீட்டர் ஓடுவதற்கான திட்டம் ஒன்றை வகுத்தார். அதன் முதல் வாரத்தில் ஓட்டம் 60 நொடி, நடை 90 நொடி மட்டுமே. பின்னர் இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுப் பணியும் அம்முறையை மக்களிடம் கொண்டு சென்றது. நம் வாசகர்களின் உடல்நிலை கருதி அதைவிடவும் மெதுவான ஒரு வரிசையை இங்குத் தருகிறோம்.

வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் இதனைச் செய்க. ஒவ்வொரு முறையும் முதல் 5 நிமிடமும் இறுதி 5 நிமிடமும் நடைக்குரியவை. அவை கீழுள்ள கணக்கில் சேரா.

1, 2ஆம் வாரங்கள்: 30 நிமிட விரைந்த நடை மட்டும்.

3, 4ஆம் வாரங்கள்: 1 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, எட்டு முறை.

5, 6ஆம் வாரங்கள்: 2 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, ஆறு முறை.

7, 8ஆம் வாரங்கள்: 3 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, ஐந்து முறை.

9, 10ஆம் வாரங்கள்: 5 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, நான்கு முறை.

11, 12ஆம் வாரங்கள்: 8 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, மூன்று முறை.

ஒரு வாரம் கடினமாகத் தோன்றினால் அதையே மறுவாரமும் செய்க. பன்னிரண்டு வாரம் இருபது வாரமானாலும் குறையில்லை. காய்ச்சல் உள்ள நாளில் ஓட வேண்டாம். இரண்டு வாரம் விட்டுப்போயிருந்தால் இரண்டு படி பின்சென்று தொடங்குக. ஓட்டமில்லா நாள்களும் பயிற்சியின் பகுதியே. தசை வலுப்பெறுவது ஓய்வின்போதுதான்.

இக்காலத்தில் கிலோமீட்டரைக் கணக்கிடாதீர்கள்; நிமிடத்தை மட்டும் கணக்கிடுங்கள். கைபேசியில் வேகம் காட்டும் செயலியையும் முதல் மூன்று மாதம் ஒதுக்கிவையுங்கள். அதற்கு மாறாக, ஒரு சிறு குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளும் இரண்டு செய்திகளை எழுதுங்கள். முடித்தபோது மனம் எப்படி இருந்தது? நாளை மறுநாள் மீண்டும் ஓட விருப்பம் உள்ளதா? தொடர்ந்து மூன்று முறை ‘இல்லை’ என்று எழுத நேர்ந்தால், வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது பொருள்.

நீரிழிவு உள்ளோர் கருத வேண்டியவை

ஓடும்போது தசைகள் இன்சுலினை மிகுதியாக எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஈர்த்துக்கொள்கின்றன. இந்த நன்மை ஓடி முடித்தபின்னும் பல மணி நேரம் நீடிக்கிறது. நீரிழிவுக்கு ஓட்டம் உதவுவது இவ்வாறே. ஆயினும், இன்சுலின் செலுத்துவோருக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்வோருக்கும் இதனாலேயே சர்க்கரை அளவு மிகத் தாழ்ந்துவிடக்கூடும்.

ஆகவே, இவ்விரு வகையினரும் ஓடுமுன் சர்க்கரையை அளந்துகொள்க. 100 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால், ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ உண்டு, சற்றுப் பொறுத்துப் புறப்படுக. 250க்கு மேல் இருந்து, உடல் நலமின்றியும் தோன்றினால் அன்று ஓடாமல் மருத்துவரை அணுகுக. ஓடுவதற்குச் சற்று முன் தொடையில் இன்சுலின் செலுத்த வேண்டாம். இயங்கும் காலிலிருந்து அது விரைந்து இரத்தத்தில் கலக்கும். மருந்தின் அளவைத் தாமாகக் குறைத்துக்கொள்ளவும் கூடாது. குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினால் மருத்துவரே மாற்றித் தருவார்.

சட்டைப்பையில் எப்போதும் மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸ் தூளோ இருக்க வேண்டும். கைநடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, கடும்பசி, மனக்குழப்பம் ஆகியவை தாழ்சர்க்கரையின் அறிகுறிகள். உடனே நின்று, அதை உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். பீட்டா பிளாக்கர் உட்கொள்வோருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். காரணமற்ற வியர்வையையே அவர்கள் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். ஓடிய நாளின் இரவிலும் சர்க்கரை தாழக்கூடும் என்பதைக் குடும்பத்தார் நினைவில் கொள்க.

வீடு திரும்பியதும் காலுறையைக் கழற்றி, பாதத்தின் அடியையும் விரலிடுக்குகளையும் பார்த்துவிடுக. குனிய இயலாதோர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்; அல்லது வீட்டார் பார்த்துச் சொல்லலாம். வலிக்காத கொப்புளத்தை எளிதாக எண்ண வேண்டாம். உணர்ச்சி குன்றிய பாதத்தில் பெரும்புண்கள் பல இவ்வாறே தொடங்குகின்றன.

உடனே நிறுத்த வேண்டிய தருணங்கள்

நெஞ்சில் வலி, இறுக்கம், பாரம். இடக்கை, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவும் வலி. தலைச்சுற்றல், கண் இருளல். வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல். தாறுமாறான இதயத் துடிப்பு. இவற்றுள் ஒன்று தோன்றினாலும் ஓட்டத்தை நிறுத்தி அமர்க. நின்றபின்னும் சில நிமிடங்களில் தணியவில்லையெனில் 108 எண்ணை அழைக்கத் தயங்காதீர். வீட்டுக்கு நடந்தே போய்விடலாம் என்று முயல வேண்டாம். நெஞ்செரிச்சல்தான் என்று தாமே முடிவு செய்துகொண்டு காலம் தாழ்த்தியவர்களை நாங்கள் மிகுதியாகக் கண்டிருக்கிறோம். வெறும் நெஞ்செரிச்சல் என்று தெரிந்து வீடு திரும்புவதில் வெட்கம் ஏதுமில்லை.

உடனிருந்து பேணுவோருக்கு

நோயாளி ஓடப் போகிறேன் என்று கூறும்போது குடும்பத்தாரின் மனத்தில் முதலில் எழுவது அச்சம். “விழுந்துவிட்டால்?” என்ற கேள்வி அன்பினால் வருவது. ஆயினும் அதையே நாள்தோறும் கேட்டால், ஏற்கெனவே தயங்கும் மனம் முற்றிலும் ஒடுங்கிவிடும். தடுப்பதைவிட உடன் செல்வது நன்று. பேச்சுச் சோதனைக்குப் பேசத் துணை வேண்டுமல்லவா? அந்தத் துணை நீங்களாக இருக்கலாம். அவர் ஓடும் அந்த மெல்லிய வேகத்துக்கு உங்கள் விரைந்த நடையே ஈடுகொடுக்கும்.

உடன் செல்ல இயலாதபோது, அவர் செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் அறிந்து வையுங்கள். நோயின் பெயர், மருந்துகளின் பெயர், உங்கள் கைபேசி எண் ஆகியவற்றை எழுதிய சீட்டு அவர் பையில் இருக்கட்டும். திரும்பி வந்ததும், “எவ்வளவு தூரம் ஓடினீர்கள்?” என்று கேளாமல், “இன்று எப்படி இருந்தது?” என்று கேளுங்கள்.

பேணுவோருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் ஒருவரைப் பேணுபவர் தம் உறக்கத்தையும் உணவையும் உடம்பையும் மறந்துவிடுகிறார். குறிப்பாக நம் வீடுகளில் பெண்கள், “எனக்கு நேரமில்லை” என்று சொல்லியே பல்லாண்டு கழிக்கின்றனர். தெருவில் ஓடினால் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சமும் அவர்களைத் தடுக்கிறது. இருவர் மூவராகச் சேர்ந்து செல்லுங்கள். சல்வாரோ தளர்ந்த முழுக்கால் ஆடையோ அணிந்து, முதலில் நடங்கள். பின்னர் தெருவிளக்குக் கம்பம் ஒன்றிலிருந்து அடுத்த கம்பம் வரை மட்டும் மெதுவாக ஓடுங்கள். பார்ப்போர் ஒரு வாரம் பார்ப்பர், பிறகு பழகிவிடுவர். அந்த அரைமணி நேரம் குடும்பத்திடமிருந்து பறித்துக்கொண்ட நேரமன்று. பேணும் கைகளுக்கு வலிமை சேர்க்கும் நேரம் அது.

நமக்கு முன் ஓடியவர்கள்

நோயுற்றவருக்கு ஓட்டம் எட்டாதது என்ற எண்ணத்தை மாற்றிய சிலரை நினைவு கூர்வோம். கனடாவின் டொராண்டோ நகரில் டெரன்ஸ் கவனா என்ற மருத்துவர், மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்குப் படிப்படியாக நடையும் மெதுவோட்டமும் கற்பித்தார். அவருடைய நோயாளிகள் சிலர் 1973இல் பாஸ்டன் மாரத்தானில் 42.195 கிலோமீட்டரை ஓடி முடித்தனர். மாரடைப்புக்குப் பின் நீண்ட படுக்கை ஓய்வே சிகிச்சை எனப் பலரும் கருதிய காலம் அது. அவர்கள் மருத்துவக் கண்காணிப்பில், நெடுநாள் பயிற்சிக்குப் பின்னரே அதைச் செய்தனர் என்பதையும் மறக்கலாகாது.

நம் மாநிலத்தில் 2021இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற மா. சுப்பிரமணியன் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. நீரிழிவு உடையவர்; சாலை விபத்தொன்றில் காலில் காயமுற்றவர். எனினும் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான் ஓட்டங்களை முடித்தவர். ஓர் அரை மாரத்தான் என்பது ஏறக்குறைய 21 கிலோமீட்டர். 2023 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை வகுத்தது.

புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் 2008 முதல் நடைபெற்றுவரும் மாரத்தான் மற்றொரு வகையில் நம் கருத்துக்கு உரியது. அங்குப் பரிசுத்தொகை இல்லை. முதலிடம் பெறும் போட்டியும் இல்லை. காட்டு வழியில், செம்மண் பாதையில் ஓடும் மகிழ்ச்சிக்காகவே மக்கள் கூடுகின்றனர். யாரையும் முந்த வேண்டியதில்லை என்ற நிலையிலும் மனிதர் நெடுந்தூரம் ஓட விரும்புகின்றனர் என்பதற்கு அது சான்று.

நிறைவாக

தொடங்கும் நாளில் ஒரு நிமிட ஓட்டமே நமக்கு நெடுந்தூரமாகத் தோன்றும். பன்னிரண்டாம் வாரத்தில், எட்டு நிமிடம் ஓடியும் பேச்சு முறியாதிருப்பதை ஒரு நாள் தற்செயலாகக் கவனிப்போம். அன்று சர்க்கரை அளவு எவ்வளவு குறைந்தது என்பதைப் பரிசோதனைச்சாலை கூறும். ஆனால், மீண்டும் ஓட வேண்டும் என்ற விருப்பம் பிறந்துவிட்டதை நாம்தான் உணர முடியும். அவ்விருப்பம் உள்ளவரை ஓட்டம் நிற்காது. அதைக் கெடுக்காத வேகத்தில் ஓடுங்கள். நலமாக வீடு திரும்புங்கள்.

சிந்திக்கவும் கலந்துபேசவும்

1. முன்பு நடையையோ ஓட்டத்தையோ தொடங்கி நிறுத்தியதுண்டா? அப்போது எந்த வேகத்தில் சென்றீர்கள்?

2. நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளில், ஓடுமுன் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டியவை எவை?

3. உங்கள் தெருவில், பேசிக்கொண்டே உடன் வரக்கூடியவர் யார்? அவரிடம் இன்றே கேட்க முடியுமா?

4. பேணுபவராக இருப்பின், இவ்வாரத்தில் உங்களுக்கென்று ஒதுக்கக்கூடிய மூன்று அரைமணி நேரங்கள் எவை?